'ஒத்து' என்றால் வேண்டாம்: அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் வட்டாரத்தில் ஒரு கிராமம். ஆந்திர எல்லை பக்கம்தான். ஊரில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் இரண்டும். அந்த ஊர் அங்கன்வாடியில் மூன்று வருடம் இருந்துவிட்டு, 2024 ஜூனில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போன ஒரு பெண் குழந்தையைப் பற்றியது இது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அவள் பாப்பாவாகவே இருக்கட்டும். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். பாப்பா பள்ளிக்கு மாறுவதற்குத் திட்டம் போட்டவள் நான்தான். பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்படுத்துவதில் ஐந்து மாதம் செலவழித்தேன். மூன்று வருடமாக அவளைத் தெரிந்துவைத்திருந்த ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசவில்லை. ஜூன் மாதம் நடந்தது முழுக்க அதனால் வந்தது. இதே வேலையில் இருப்பவர்களும், இந்த வருடம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப்போகும் பெற்றோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாப்பாவும் அவள் வீடும்

அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி வருவார். அம்மா மாங்காய் சீசனில் மண்டிக்குப் போவார், மற்ற மாதங்களில் கூலி வேலை, நூறு நாள் வேலை. பாப்பாவை வளர்ப்பது அம்மாவின் அம்மா. குப்பம் பக்கத்திலிருந்து மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்கு. பாப்பாவுக்கு அவர் 'அவ்வா'.

டவுன் சிண்ட்ரோமில் 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். யாருடைய தவறாலும் வருவதில்லை. இதை அவ்வாவிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன், ஏனென்றால் மகள் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே விட்டுவிட்டோமே என்று அவர் அதுவரை தன்னையே நொந்துகொண்டிருந்தார். தசைகள் இளக்கமாக இருந்ததால் பாப்பா நடக்கவே இரண்டு வயது தாண்டியது. இதயத்தில் இருந்த சின்னத் துளை தானாக மூடிக்கொண்டது. தைராய்டு சுரப்பு குறைவு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பள்ளிக்குப் போகும் சமயத்தில் அவளிடம் முப்பது வார்த்தைக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. படம் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்வாள். காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நிற்பது இந்தக் குழந்தைகளிடம் பொதுவாகக் காணும் பலம்.

அங்கன்வாடி ஒரே அறை. பதினெட்டுப் பிள்ளைகள், பாய், சுவரில் யானை படம். டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். பாட்டு, கதை, மதியம் சாப்பாடு, முட்டை, தூக்கம். அங்கே பாப்பாவுக்கு ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை. நான் போகும்போதெல்லாம் தட்டைக் கழுவி அடுக்கிக்கொண்டிருப்பாள். 'நல்லாப் பொருந்திட்டா' என்று என் பதிவேட்டில் எழுதினேன். எதனால் பொருந்தினாள் என்று எழுதவில்லை.

ஜனவரி முதல் மே வரை

அம்மாவுக்கு முதலில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளி மேல் ஆசை. வேன் வரும், ஷூ போட்டு அனுப்பலாம். போய்க் கேட்டார்கள். "மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்கன்னு பார்க்கணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். புகார் எழுதுவோம் என்றேன். அம்மா யோசித்துவிட்டு, "வேணாம் மேடம். வேணாம்னு சொன்ன எடத்துல கொண்டுபோய் எம்புள்ளய விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடையாது.

ஊரிலேயே உள்ள நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு வார்த்தை தயங்கவில்லை. மார்ச்சில் சேர்க்கை முடிந்தது. ஏப்ரலில் நான்கு முறை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கேட், வேப்ப மரம், மூன்று படி, வகுப்புக் கதவு, குழாயடி, கழிப்பறை என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன். கோடை விடுமுறை முழுவதும் அவ்வா தினமும் சாயங்காலம் அதைத் திறந்துவைத்து 'இதி பள்ளிக்கூடம், இதி செட்டு' (இது பள்ளிக்கூடம், இது மரம்) என்று காட்டியிருக்கிறார். பையை மாட்ட, கழற்ற, தட்டை எடுத்துப்போய் வைக்க, குழாயைத் திறந்து மூட எல்லாம் பழக்கினோம். கழிப்பறைதான் கடினமாக இருந்தது. மேடை உயரம், கால் வைக்கும் இடம் அகலம், அவளுக்குக் கால் எட்டவில்லை. தலைமையாசிரியர் சொந்தச் செலவில் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துத் தந்தார்.

ஆறு பக்கத்தில் தனிநபர் கல்வித் திட்டம் எழுதிக் கொடுத்தேன். அறிவு வளர்ச்சி நிலை, இயக்கத் திறன், குறுகிய கால இலக்கு, நீண்ட கால இலக்கு எல்லாம் அதில் இருந்தன. பாப்பா 'ஒத்து' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது இல்லை.

ஜூன் 10, பள்ளி திறந்த பிறகு

முதல் இரண்டு நாள் ஒன்றாம் வகுப்பே அழுதது, பாப்பாவும் அழுதாள். மூன்றாம் நாள் மற்ற பிள்ளைகள் நிறுத்திக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அவள் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடம்பு மொத்தமும் தளர்ந்து, சாக்கு மூட்டை மாதிரி அப்படியே கீழே போய்விடும். கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மட்டும் மேலே வரும், உடம்பு வராது. இந்தக் குழந்தைகளின் மூட்டுகள் இளகியவை என்பதால் அப்படி இழுப்பதே ஆபத்து. வகுப்பில் முப்பத்துநான்கு பிள்ளைகள், ஒரே ஆசிரியர். பத்து மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை அவள் அங்கேயேதான். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், திரும்பவே மாட்டாள். கிட்டே போனால் "ஒத்து, ஒத்து" என்பாள்.

எங்கள் பக்கத்துத் தமிழில் 'ஒத்து' என்றால் நகரு, தள்ளிக்கோ. வகுப்பாசிரியர் அதைத்தான் புரிந்துகொண்டார். இடம் வேண்டும் போல என்று பக்கத்துப் பிள்ளைகளை நகர்த்தி உட்காரவைத்திருக்கிறார். பிறகு அவளையே தனியாக ஜன்னல் ஓரம் கடைசி வரிசைக்கு மாற்றியிருக்கிறார், தாராளமாக இருக்கட்டும் என்று. நல்ல மனதோடு செய்தது. ஆனால் அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. இரண்டாம் வாரம் ஒரு பையனைத் தள்ளிவிட்டாள், அவன் முட்டி சிராய்ந்தது. அவன் அம்மா வந்து சத்தம் போட்டார்.

"மேடம், புள்ளைக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. இன்னொரு வருஷம் அங்கன்வாடியிலேயே இருக்கட்டுமே, தப்பா நினைக்காதீங்க" என்றார் வகுப்பாசிரியர். அவர் சோர்ந்துபோயிருந்தார். உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

இந்த 'இன்னொரு வருஷம்' என்பதைப் பற்றி என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்கு அது தேவைப்படலாம். ஆனால் பெரும்பாலும் குழந்தையைப் பார்த்து எடுக்கும் முடிவாக அது இருப்பதில்லை. நமக்கு வேறு வழி தெரியாதபோதுதான் எடுக்கிறோம். அடுத்த ஜூனிலும் அதே வராந்தா, அதே முப்பத்துநான்கு பிள்ளைகள்தானே? கூட விளையாடியவர்கள் மட்டும் ஒரு வகுப்பு முன்னே போயிருப்பார்கள்.

அங்கன்வாடி டீச்சர் வந்த மதியம்

அவரை நான் அழைக்கவில்லை. அவ்வா போய் அழுதிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுத் தூங்கவைத்துவிட்டு, உதவியாளரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு மணி வெயிலில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். பாப்பா வராந்தாத் தூணோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு அவளுக்கு எதிரே போனார். குந்தி உட்கார்ந்தார், முகம் அவள் முகத்துக்கு நேராக வரும் அளவுக்கு. வலது தோளில் இரண்டு விரல் வைத்தார். பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்: "ரா பாப்பா." கையில் அவள் தட்டைக் காட்டினார். பிறகு சும்மா இருந்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழு, எட்டு, ஒன்பது வரை ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள், வகுப்புக்குள் போனாள்.

டீச்சர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்: "பின்னாடி இருந்து கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதே. உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

எனக்குத் தெரியாது. அவர் அதை நோய் என்றோ குறை என்றோ நினைத்ததே இல்லை. அவள் அப்படித்தான், முன்னால் போய்ப் பேசினால் சரியாகிவிடும், அவ்வளவுதான். மூன்று வருடம் தினமும் அப்படியே செய்ததால் அவருக்கே அது ஒரு உத்தி என்று தோன்றவில்லை. 'ஒத்து' பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டார். "வேணாம்ங்கறா மேடம். தெலுங்குல 'வத்து'. அவ வாயில ஒத்துன்னு வரும்." பிள்ளை பத்து நாளாக வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பிள்ளைகளை நகர்த்தியிருக்கிறோம்.

காது

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் காதுத் துளையும், காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழலும் குறுகலாக இருக்கும். சளி பிடித்தால் நடுக்காதில் நீர் தேங்கிவிடும். வலி இருக்காது, சீழ் வடியாது, அதனால் யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பது போல இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. 'இஷ்டப்பட்டா கேக்குறா, இல்லன்னா கேக்க மாட்டேங்கிறா' என்று வீட்டில் சொல்வதற்கு இதுதான் காரணம். பிறந்தபோது காது நன்றாக இருக்கிறது என்று வந்த முடிவை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறோம். இந்தக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது காதும் கண்ணும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்மாவும் நானும் கூட்டிப்போனோம். இரண்டு காதிலும் நீர். கேட்கும் திறன் இழப்பு லேசானதற்கும் மிதமானதற்கும் நடுவில். சளிக்கு வைத்தியம், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை, அப்போதும் நீர் வற்றாவிட்டால் அடுத்து என்ன என்று பார்ப்போம் என்றார்கள்.

இப்போது கணக்கு நேராகிவிட்டது. ஒரே அறை, பதினெட்டுப் பிள்ளைகள், கைக்கெட்டும் தூரத்தில் டீச்சர் முகம் இருந்த இடத்தில் அவளுக்குக் கேட்டது. முப்பத்துநான்கு பிள்ளைகள், மின்விசிறி இரைச்சல், கடைசி வரிசை என்றதும் கேட்கவில்லை. அதுவும் ஜன்னல் ஓரம் உட்காரவைத்ததால் வெளிச்சம் கண்ணில் அடித்து, ஆசிரியரின் வாயசைவையும் பார்க்க முடியாமல் போயிருக்கிறது.

ஒரு தாள்

இதில் யாரையும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது, ஏனென்றால் அமைப்பே இப்படித்தான் இருக்கிறது. அங்கன்வாடி சமூக நலத் துறையைச் சேர்ந்தது. பள்ளி பள்ளிக் கல்வித் துறை. காது பார்ப்பது மருத்துவத் துறை. அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. பாப்பாவின் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கிறது. டீச்சருக்குத் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்படி ஒரே காம்பவுண்டுக்குள் இருந்திருந்தால் இரண்டு டீச்சரும் குழாயடியில் நின்று பேசியே இதைத் தீர்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் இரண்டுக்கும் நடுவில் ஏரிக்கரை இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தோம். அங்கன்வாடி டீச்சர், வகுப்பாசிரியர், அம்மா, அவ்வா, நான். இரண்டரை மணி நேரம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு அதைச் சுருக்கி ஒரே தாளில் எழுதி, வகுப்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம்.

அதில் பதினொரு வார்த்தைகள் இருந்தன. 'ஒத்து' – வேண்டாம். 'நீளு' – தண்ணீர். 'கொக்கோ' – முட்டை, கோழி, சில சமயம் காக்கா. கவுன் ஓரத்தைச் சுருட்டினால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அரை நிமிடம்தான் அவகாசம். கீழே உட்கார்ந்துவிட்டால் மூன்றில் ஒன்று: சொன்னது கேட்கவில்லை, சொன்னது புரியவில்லை, அல்லது கால் வலிக்கிறது. எதிரே போய்க் குந்தி, தொட்டு, ஒரே ஒரு விஷயம் சொல்லி, பத்து எண்ணும்வரை மறுபடி பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பத்துக்குள் இரண்டாம் தடவை சொன்னால் அவள் திரும்ப முதலிலிருந்து கேட்க ஆரம்பிப்பாள். கையில் எடுத்துப்போக ஏதாவது கொடுத்தால் நடப்பாள், சாக்பீஸ் டப்பா போதும். முட்டையை நான்காக வெட்டித்தான் தர வேண்டும், மெல்ல நேரமாகும், முழுதாகப் போட்டுக்கொண்டால் அடைத்துக்கொள்ளும். குட்டிக்கரணம் கூடாது, டவுன் சிண்ட்ரோமில் கழுத்தின் மேல்பகுதி எலும்பு இணைப்புகள் இளகியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கடைசி வரி மட்டும்தான் நான் சேர்த்தது. மீதி எல்லாம் அவர்களுடையது.

அவ்வா இனிமேல் வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கிட்டத்தட்ட பேசுவதையே நிறுத்தியிருந்தார். அதை அன்றைக்கே மறுத்தேன். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குழந்தைகளின் பேச்சு கெட்டுவிடுவதில்லை. பிள்ளையோடு நாள் முழுக்க பேசும் ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டால்தான் கெடும்.

மாற்றியவை

பாப்பாவை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தோம், ஜன்னலுக்கு முதுகு காட்டி. இப்போது வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழுந்தது. இரண்டு வாரம் மதியம் வரை மட்டும் பள்ளி. ஆனால் அழுத நேரத்தில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவிய பிறகுதான் என்று கறாராக இருந்தோம். அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒருமுறை கற்றுக்கொண்டால் அதை மறக்கவைக்க மாதக்கணக்காகும்.

எதிர்பாராமல் உதவியது காலை உணவு. 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்க வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்ட திட்டம் இது. மணி அடிப்பதற்கு முன்னால், பள்ளி அமைதியாக இருக்கும் நேரத்தில் அவ்வா அவளைக் கொண்டுவந்து விட்டார். ரவா கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, கழிப்பறை போய்விட்டு, வகுப்பில் அவளே முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாள். கூட்டம் அவளை நோக்கி வந்தது, அவள் கூட்டத்துக்குள் நுழைய வேண்டியிருக்கவில்லை. தைராய்டு மாத்திரையை மட்டும் காலை ஏழு மணிக்குள் போட்டுவிடும்படி மாற்றினோம், சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும் என்று.

கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தியைப் பாப்பாவுக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் அவள் தன் சோற்றை ஆறவிட்டுப் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளை யாருக்கும் ஆயாம்மா அல்ல. பாப்பாவுக்குத் தானே சாப்பிடத் தெரியும். தினமும் வெவ்வேறு பிள்ளை பக்கத்தில் உட்காரும்படி செய்தோம்.

இப்போது

மறுபரிசோதனையில் ஒரு காதில் நீர் வற்றியிருந்தது, இன்னொன்றில் இருந்தது. மார்கழிக் குளிரில் சளி பிடித்தபோது மீண்டும் நான்கு நாள் வராந்தாவில் உட்கார்ந்தாள். இந்தமுறை ஆசிரியர் எனக்குப் போன் போட்டு, "மேடம், காது அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் முதல் படியான 'அரும்பு' நிலையில் இருக்கிறாள். தன் பெயரட்டையை முப்பத்துநான்கில் தேடி எடுப்பாள். மூன்று வரை எண்ணுவாள், நான்கைத் தாண்டி ஐந்துக்குப் போய்விடுவாள். பேச்சு அறுபது வார்த்தையைத் தொட்டிருக்கிறது. முடியைப் பிடித்து இழுப்பது நிற்கவில்லை. அடையாளச் சான்றில் 'வளர்ச்சித் தாமதம்' என்றிருப்பதை மறு மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு முகாம் தவறிவிட்டது.

மார்ச்சில் அந்தத் தாளை அலமாரிக் கதவிலிருந்து எடுத்தோம், இரண்டாம் வகுப்பு ஆசிரியருக்குக் கொடுப்பதற்கு. ஓரம் எல்லாம் மடங்கி, சாக்பீஸ் கை பட்டு வெளுத்திருந்தது. வகுப்பாசிரியர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பேனாவால் திருத்திக்கொண்டு வந்தார். 'ஒத்து' என்ற வரியில் நின்றார். அடிக்கவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தார்: 'என்னிடம் வேணாம் என்கிறாள். கோபம் வந்தால் மட்டும் ஒத்து.'